சுக்கான் வீட்டு மாப்பிள்ளைக்கு, ஸ்டிக்கர் கடைக்காரர் எழுதுவது

அன்புள்ள அனஸ்,

நான்கு தெரு தள்ளி இருப்பவனுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் காரைக்காலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடை வாசலில் நின்று கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டால் பாதித் தூரத்துக்குக் குரலே வந்துவிடும். "எழுதுறதை நேர்ல போய்ச் சொன்னா வாய் வெந்தா போவும்?" என்று உன் உம்மா கேட்கிறாள். வேகாது. ஆனால் நேரில் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். ஏதாவது கேலி பேசுவேன், நீ லேசாகச் சிரிப்பாய், டீ வரும், குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். சொல்ல வந்தது தொண்டைக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். அதனால்தான் இந்தத் தாளும் பேனாவும். உறையை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டுவது என் தொழில்தான் என்றாலும் இதை ஒட்டவில்லை. உன் மாமனாரும் படிக்கட்டும், மாமியாரும் படிக்கட்டும். அவர்களிடமும் சொல்ல வேண்டியது இதில் இருக்கிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பின்வாங்கிவிடுவேன், என் குணம் அப்படி. உன் வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் மூன்று வாரத்தில் உரிந்ததே, அது வெயிலால் அல்ல. என்னால். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. தெரிந்தே செய்தேன். வருகிற வெள்ளிக்கிழமை உன் மகளுக்குப் பேர் வைக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் அவளைத் துணியில் சுற்றி ஐந்து நிமிடம் என் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு முதுகுவலி, கடையில் வேலை, மழை என்று ஒவ்வொரு சாக்காகச் சொல்லி உன் வீட்டுப் பக்கம் வராமல் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு என்னிடம் சாக்கு மிச்சமில்லை. அந்த வாசல்படியை மிதிக்க வேண்டுமானால், அதற்கு முன்னால் இது உன் கையில் இருக்க வேண்டும்.

எப்படிச் செய்தேன் என்பதைவிட ஏன் செய்தேன் என்பது கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படி. பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியவன் நான், எதையும் ஒரே தடவையில் சொல்ல வராது.

நம் ஆட்களில் பெண் பிறந்த வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் "வீட்டோட மாப்பிள்ளையா?" என்று ஒரு மாதிரி இழுப்பார்கள். நமக்கு அதில் இழுப்பதற்கு ஒன்றுமில்லை, தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். நானும் இருபத்தாறு வயதில் பக்கத்து ஊரான பட்டினத்திலிருந்து ஒரு பெட்டியும் ஒரு டேப்ரெக்கார்டருமாக உன் உம்மா வீட்டுக்கு வந்து இறங்கியவன்தான். பாய்மர வீடு. கப்பல் ஓடிய காலத்தில் வந்த பெயர். உன் மாமனார் வீடு சுக்கான் வீடு ஆனதும் அப்படித்தான், அவர்கள் முன்னோர் கப்பலில் சுக்கான் பிடித்தவர்களாம். இன்று இந்த வீட்டில் பாய்மரமும் இல்லை, அந்த வீட்டில் சுக்கானும் இல்லை. இரண்டு வீட்டிலும் இருப்பது டிவியும் வாஷிங் மெஷினும்தான். இருந்தும் பெயர் மட்டும் அசையாமல் நிற்கிறது.

வந்த புதிதில் "பாய்மர வீட்டு மாப்புள்ளை" என்று தெருவில் யாராவது கூப்பிட்டால் எனக்குப் பின்னால் யார் வருகிறார் என்று பார்ப்பேன். நாடகத்தில் வேறு ஆளுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது போலிருக்கும். மீன் வாங்கப் போனால், "பாய்மர வீட்டுக்குச் சின்ன மீனா குடுக்குறது?" என்று மீன்காரம்மா பெரிதாக எடுத்துப் போடுவார். எனக்குச் சின்ன மீன்தான் பிடிக்கும். ஆனால் பாய்மர வீட்டு மாப்பிள்ளைக்குப் பெரிய மீன்தான் பிடிக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. ஒரு வருடத்தில் எனக்கே பெரிய மீன் பிடித்துப்போயிற்று. உனக்கு நான்கு வயதாக இருக்கும்போது ஒரு நாள் பேங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர். நான் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டி, "பாய்மர வீட்டு மாப்புள்ளை, ஒங்களைத்தான் கூப்புடுறாங்க" என்றார். அதற்குத் திரும்பினேன். திரும்பின பிறகுதான், எதற்குத் திரும்பவில்லை என்பது உறைத்தது. வீட்டில் சொன்னேன், உன் உம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மனிதன் தன்னைத் தானே தனியாக உட்கார்ந்து செய்துகொள்கிறான் என்று நினைக்காதே, அனஸ். இருபது வருடமாக நான் ஸ்டிக்கர் வெட்டுகிறேன், எனக்குத் தெரியும். மண்டபத்தூர்க்காரர் படகுக்கு ஒட்ட வருவார், நெடுங்காட்டுக்காரர் டிராக்டருக்கு ஒட்ட வருவார், ஸ்கூட்டியில் 'மாதா துணை' ஒட்ட ஒரு டீச்சர் வருவார். யாரும் தான் படிப்பதற்காக ஒட்டிக்கொள்வதில்லை, பின்னால் வருகிறவன் படிப்பதற்காகத்தான். ஆனால் பின்னால் வருகிறவன் படிக்கப் படிக்க, முன்னால் போகிறவன் மெல்ல அந்த எழுத்தாகவே ஆகிவிடுகிறான். 'சிங்கம்' என்று ஒட்டிய ஒரு ஆள் இருந்தான், பூனை குறுக்கே வந்தாலே வண்டியை நிறுத்துகிறவன். எல்லாரும் "என்ன சிங்கம்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது பஞ்சாயத்துக்கெல்லாம் முதல் ஆளாக வந்து நிற்கிறான்.

ஏன், என்னையே எடுத்துக்கொள். வண்டியில் நாகப்பட்டினம் போனால் சோதனைச் சாவடியில் என் நம்பர் பிளேட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பி.ஒய். 02. காரைக்கால் வண்டி என்றால் பெட்டிக்குள் பாட்டில் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. நான் வாழ்நாளில் அதைத் தொட்டதில்லை, தாடி வேறு வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் போலீஸ்காரர் மேலும் கீழும் பார்க்கிற பார்வையில் எனக்கே என் மீது சந்தேகம் வந்துவிடும். "பெட்டியில என்ன?" என்பார். "சமோசா" என்று நான் சொல்லும்போது குரல் நடுங்கும். திருட்டுச் சமோசா போல ஆகிவிடும். அவர் பார்வை ஒரு நிமிடம் என்னைக் கள்ளக்கடத்தல்காரனாக்கிவிடுகிறதென்றால், ஒரு வீடே இருபத்து நான்கு மணி நேரமும் ஒருவனைப் பார்க்கிற பார்வை அவனை என்னவெல்லாம் ஆக்கும், யோசித்துப் பார்.

இங்கேதான் நான் உனக்குச் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வேண்டும். உனக்கு ஏழு வயது. பெருநாளுக்கு வீடு நிறைய விருந்தாளிகள். நீ ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். யாரோ "தம்பி பேசவே மாட்டானா?" என்று கேட்டார்கள். சபையில் எல்லாரையும் சிரிக்க வைக்க வேண்டும் எனக்கு, அது ஒரு வியாதி. "இது வாயில்லாப் பூச்சி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த பெருநாளைக்கும் சொன்னேன், பள்ளிக்கூட வாத்தியாரிடமும் சொன்னேன். உன் சாச்சிகள், பக்கத்து வீடு, டியூஷன் பிள்ளைகள் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நீ ஏதாவது பேச வாயைத் திறந்தால், "அட, பூச்சிக்கு வாய் வந்துடுச்சு" என்பார்கள். நீ மூடிக்கொள்வாய். அந்த ஸ்டிக்கரை வெட்டியது நான், அதுவும் வருடக்கணக்கில் தாங்குகிற நல்ல ஸ்டிக்கர் ரோலில். பதினெட்டு வருடம் உரியவே இல்லை. நீ அமைதியான பிள்ளை என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். அமைதி உன்னுடையதா, நான் ஒட்டியதா என்று ஒரு தடவைகூட நகத்தால் கீறிப் பார்க்கவில்லை.

பிறகு உனக்கு நிக்காஹ் நடந்தது. நீயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். நமக்குப் பெண் இல்லை, அதனால் பதிலுக்கு நம் வீட்டுக்கு ஒரு பையன் வரப்போவதும் இல்லை. உன் மாமனாருக்கு இரண்டு பெண்கள். ஆகவே அவருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். எனக்குப் பொறுக்காதது நீ அங்கே போய்ப் பேசினது.

முதல் மாதம் உன் உம்மா வந்து சொன்னாள்: "சம்பந்தி வீட்ல சொல்றாங்க, மாப்புள்ளை இருந்தா வீடே கலகலன்னு இருக்காம்." நான் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் தெருப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் கூட்டம் வந்தது. நான் வருவதற்குள் கூட்டம் நிறைந்துவிட்டது. பந்தலுக்கு வெளியே, டீக்கடைப் பக்கமாக நின்றேன். மைக்கில் ஒரு குரல். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, நடுவில் கிண்டல் பண்ணுகிறது, ஜனம் சிரிக்கிறது. டீ மாஸ்டரிடம் கேட்டேன்.

"யாருங்க பேசுறது? நல்லா இருக்கே குரல்."

"சுக்கான் வீட்டு மாப்புள்ளைங்க" என்றார் அவர், ஆற்றிக்கொண்டே. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "யோவ் பாய், ஒங்க மவன்யா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

பெற்ற மகன் குரல் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அந்தக் குரலை என் வீட்டில் நான் கேட்டதே இல்லை. உன் மாமனார் உன்னை ஏதோ ஒரு நாள் "நம்ம மாப்ள நல்லாப் பேசுவாப்ல" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருப்பார். பொய்யாகத்தான் சொல்லியிருப்பார், புது மாப்பிள்ளையை அப்படித்தான் சொல்வார்கள். அந்த நாலு பேரும் நீ பேசுவாய் என்று உன் வாயைப் பார்த்திருப்பார்கள். நீயும் பேசிவிட்டாய். நான் ஒரு சொல்லால் மூடியதை அந்த மனிதர் ஒரு சொல்லால் திறந்துவிட்டார். இருபத்தைந்து வருடம் சோறு போட்டவன் நான். பேரைத் தட்டிக்கொண்டு போனது அவர். வயிறு எரிந்தது, அனஸ். மறைக்கவில்லை. எரிந்தது.

அதிலிருந்து உளவு பார்க்க ஆரம்பித்தேன். ஜும்ஆ முடிந்து நீங்கள் இருவரும் பள்ளியிலிருந்து வெளியே வருவதைத் தூண் ஓரமாக நின்று பார்ப்பேன். அவர் உன் தோளில் கை போட்டுக்கொண்டு வருவார். நான் உன் தோளில் கடைசியாக எப்போது கை போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை, நீ சைக்கிள் பழகிய நாள் ஒன்றைத் தவிர. அவர் கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுவார். மூன்றாம் மாதம் உன் கடிகாரமும் உள்பக்கம் போய்விட்டது. அவர் சிரித்தால் தொடையில் தட்டிக்கொள்வார். நீயும் தட்டுகிறாய். ஒரு மதியம் கடையில் யாருமில்லாத நேரம் நானும் சிரித்துத் தொடையில் தட்டிப் பார்த்தேன், எப்படித்தான் இருக்கிறது என்று. அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் நம்பர் பிளேட் வாங்க உள்ளே வந்துவிட்டார். "கொசுவா பாய்?" என்றார். "ஆமா, சாக்கடை பக்கம் பாருங்க" என்றேன்.

அப்போதுதான் என் வாப்பா ஞாபகம் வந்தது. நான் பாய்மர வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் கழித்து பட்டினத்துக்குப் போயிருந்தேன். சாப்பிடும்போது ஏதோ சொல்லிச் சிரித்தேன். அவர் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்திருந்துவிட்டு, "ஒன் சிரிப்பு மாறிப்போச்சுடா" என்றார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மவுத்தாகிப் பல வருடம் கழித்து நம் டீ மாஸ்டர்தான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒங்க வாப்பா அப்பல்லாம் மாசத்துல ரெண்டு தடவையாவது சைக்கிள்ல வருவாரு. ஒரு டீ குடிப்பாரு. ஒங்க வீட்டு வாசலைப் பாத்துட்டே உக்காந்திருப்பாரு. நீங்களும் ஒங்க மாமனாரும் வாசல்ல நின்னு பேசிட்டிருப்பீங்க. உள்ள போய்ப் பாத்துட்டு வாங்கன்னா, 'இல்ல, அவன் சந்தோஷமா இருக்கான், வேலை இருக்கு'ன்னு கெளம்பிடுவாரு." அவருக்கு இந்த ஊரில் ஒரு வேலையும் இருந்ததில்லை. இதைக் கேட்டபோதுகூட நான் பாவம் என்றுதான் நினைத்தேன். அவருக்கும் வயிறு எரிந்திருக்கும் என்று நான் தூணுக்குப் பின்னால் நின்ற அன்றுதான் புரிந்தது. அவர் நல்லவர், எரிந்ததோடு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் அதற்கு மேலே ஒரு படி போனேன்.

போன பங்குனியில் உன் மாமனார் உன் வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். நீ சிங்கப்பூர்ச் சரக்கு எடுக்க சென்னை போயிருந்தாய். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு உட்கார்ந்தார். வழக்கமான சிரிப்பு.

"சம்பந்தி, எங்க வீட்டு வண்டி எல்லாத்துலயும் சுக்கான் வீடுன்னு இருக்கு. மாப்ள வண்டில மட்டும் இல்ல. ஊரு என்னைக் கேக்குது."

"ஊருக்கு வேற வேலை இல்ல" என்றேன்.

"அவரு வரங்குள்ள ஒட்டி வச்சா ஆச்சரியப்படுவாரு. சின்னதா ஒரு சுக்கான் படமும் போட்டுடுங்க. ஒங்க கையாலயே இருக்கட்டும்னுதான் வந்தேன். வேற கடைக்கும் போவலாம். போவ மனசில்ல."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அந்த மரியாதைதான் குத்தியது. உன் வண்டியில் ஏற்கனவே 'பாய்மர வீடு' இருந்தது. நீ கல்லூரிக்குப் போகும்போது நான் ஒட்டியது, ஆறு வருடமாகியும் ஒரு மூலை தூக்கவில்லை. அதை உரித்தேன். ஸ்டிக்கரை உரித்தால் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் வெளுக்காமல் எழுத்து எழுத்தாக அப்படியே இருக்கும். சுற்றிலும் வெளுத்த சிவப்பு, நடுவில் புதுச் சிவப்பில் 'பாய்மர வீடு'. உன் மாமனார் குனிந்து பார்த்தார். "அட, போவ மாட்டேங்குதே" என்றார். எனக்குள்ளே ஒருவன் கைதட்டினான்.

பிறகு நான் செய்ததைக் கேள். அலமாரியில் நல்ல ரோல் இருந்தது, ஏழு வருடம் தாங்குவது. அதை எடுக்கவில்லை. கல்யாணக் காரில் ஒரு நாளைக்கு ஒட்டி மறுநாள் உரிக்கிற மட்ட ரோல் இருக்கிறதே, அதில் வெட்டினேன். ஒட்டுகிற இடத்தை முதலில் நன்றாகத் துடைக்க வேண்டும், துடைக்கவில்லை. வண்டி வெயிலில் நின்று தகடு கொதித்துக்கொண்டிருந்தது, நிழலுக்குத் தள்ளவில்லை. எந்த ஸ்டிக்கர் ஒட்டினாலும் வலது ஓரத்தில் கடுகளவு எழுத்தில் கடைப் பெயரைப் போடுவேன், அது என் பழக்கம். அன்றைக்கு அதையும் போடவில்லை. திருடனுக்கு எவ்வளவு முன்யோசனை பார். உன் மாமனார் டீயைக் குடித்துவிட்டு, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் 'சு' தூக்கியது. நீ வந்தாய். "வெயில்" என்றேன். மறுபடியும் அதே ரோலில் ஒட்டினேன். மறுபடியும் உரிந்தது. இரண்டாம் முறை நீ வந்து நின்றபோது உன் கண் அலமாரிக்குப் போனதை நான் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் கடையில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை நீ, எந்த ரோல் எது என்று உனக்குத் தெரியாதா.

"வாப்பா, அந்த ரோல்லேர்ந்து ஒட்ட மாட்டீங்களா?" என்று கேட்டாய்.

"அது ஆர்டருக்கு வச்சிருக்கு."

வாயில்லாப் பூச்சியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு ஒட்டச் சொல்லி வரவே இல்லை. வேறு கடைக்கும் போகவில்லை. பாதி உரிந்த வண்டியிலேயே ஊரெல்லாம் சுற்றினாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்று சொன்னால் நீ என்னை என்ன நினைப்பாய்? நினைத்துக்கொள். உன் உம்மாவுக்கு இது நேற்றுத்தான் தெரியும். "ஒங்களுக்கு நரைச்சது தலை மட்டுந்தான். புத்தி இன்னும் அரை டிராயர் போட்டுக்கிட்டு நிக்குது" என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் கடைக்கு வந்தார். உங்கள் தெருக்காரர்தான், பெயர் வேண்டாம். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"அனஸ் பாய், ஒங்க மவனை நேத்து வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்."

"என்னாச்சு?"

"வண்டில ஸ்டிக்கர் நாறிப்போய்க் கெடக்குது. எங்கடா ஒட்டினேன்னேன். நாகப்பட்டினத்துலங்குறான். வாப்பா இங்க கடை வச்சிருக்காரு, நீ நாகப்பட்டினத்துல போய் ஒட்டுறியா, பெத்த வாப்பாவை மதிக்காத பயலா நீன்னு கேட்டேன். நாலு பேரு இருந்தாங்க. எல்லாரும் சேந்து புடிச்சுக்கிட்டோம். பய தலையைக் குனிஞ்சுக்கிட்டு, தப்புதான் பாய், அடுத்த தடவை வாப்பாட்டயே ஒட்டிக்கிறேன்னுட்டுப் போயிட்டான்."

நான் அவருடைய நம்பர் பிளேட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்க வேண்டிய அவசியமே இல்லை, அது புதுசு.

நன்றாகப் பேசத் தெரிந்தவன் நீ, இப்போது. மைக்கைப் பிடித்தால் ஊரைச் சிரிக்க வைப்பவன். அந்த நாலு பேர் முன்னால் ஒரே ஒரு வார்த்தையில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் காரைக்காலில் எவனும் என்னிடம் ஸ்டிக்கர் ஒட்ட வரமாட்டான். அதைவிட, கை சுத்தமான ஆள் என்று இருபது வருடமாக என்னை எல்லாரும் சொல்லிச் சொல்லி, நானும் நம்பிக்கொண்டிருக்கிறேனே, அந்த ஆள் போய்விட்டிருப்பான். நீ அவனைக் காப்பாற்றினாய். அதற்காக, வாப்பாவை மதிக்காதவன் என்ற பெயரை நீ ஒட்டிக்கொண்டு போனாய். உன்னை மதிக்காத ஒரு வாப்பாவுக்காக.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அவர் என்னை எப்படிக் கூப்பிட்டார் என்று கவனித்தாயா? கடை போட்டபோது உனக்கு ஐந்து வயது. உன் பெயரைத்தான் போர்டில் எழுதினேன். அன்றிலிருந்து கடைக்கு வருகிற ஆட்களுக்கு நான் அனஸ் பாய். பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயர் அதுதான் என்று நினைப்பு. "அனஸ் பாய், ரெடியா?" என்றால் தலை தானாக நிமிர்கிறது. வீட்டுப் பக்கம் பாய்மர வீட்டு மாப்பிள்ளை, கடைப் பக்கம் அனஸ் பாய். நீ உன் மாமனார் வீட்டுப் பெயரைச் சுமக்கிறாய் என்று நான் வெந்துகொண்டிருந்தேன். நானோ இருபது வருடமாக உன் பெயரைச் சுமந்துகொண்டு, அதற்குத் திரும்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். இதில் யார் யாரிடம் பொறாமைப்படுவது?

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் வாப்பா என்றால் சொல்லாமல் கடிதத்தை மடிக்க முடியாது. வெள்ளிக்கிழமை உன் மகளுக்கு ஒரு பெயர் வைப்பீர்கள். அதில் எனக்குப் பயமில்லை, நல்ல பெயராகத்தான் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பயம் அதற்கடுத்து வருகிற பெயர்கள்தான். அவள் நிறையப் பால் குடித்தால் யாராவது ஒன்று சொல்வார்கள், அழுதால் ஒன்று, நிறத்தைப் பார்த்து ஒன்று. சபை சிரிக்கும். நீயும் சிரித்துவிடாதே. அவள் தான் யார் என்பதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நம் முகத்தைப் பார்த்துத்தான் ஆரம்பிக்கப்போகிறாள். நாலு பேர் முன்னால் அவளைப் பற்றி ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், உன் மாமனார் உன்னைப் பற்றிச் சொன்னது போல, கொஞ்சம் முன்கூட்டியே நல்லதாகச் சொல்லிவை. அவள் பின்னால் நடந்து வந்து அதைப் பிடித்துக்கொள்வாள்.

அப்புறம் ஒரு நாள் அவளுக்கும் நிக்காஹ் நடக்கும். நம் வழக்கப்படி ஒரு பையன் பெட்டியோடு உன் வீட்டுக்கு வருவான். நீ அவன் தோளில் கை போடுவாய், அவன் உன்னைப் போலச் சிரிக்க ஆரம்பிப்பான். அப்போது தெருமுனை டீக்கடையைக் கொஞ்சம் பார். ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான், ஊரில் வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு. போய் அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வா. வரமாட்டான். இழுத்துக்கொண்டு வா.

சம்பந்தி, இதுவரை படித்திருந்தால், உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வேறு கடைக்குப் போக மனசில்லாமல் வந்தீர்கள், நான் உங்களை ஏமாற்றி அனுப்பினேன். மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பேச வைத்ததற்கு நன்றி சொல்லவேண்டும், ஆனால் அது இன்னும் வாயில் வரவில்லை. கொஞ்ச நாள் கொடுங்கள். தொடையில் தட்டுவதை மட்டும் குறைத்துக்கொண்டால் உதவியாக இருக்கும்.

அனஸ், ஸ்டிக்கர் வெட்டி வைத்துவிட்டேன். அலமாரி ரோலில்தான். 'சுக்கான் வீடு', பக்கத்தில் சுக்கான் படம். சுக்கான் எப்படி இருக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது, மூன்று தடவை வரைந்து மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். வலது ஓரத்தில் கடுகளவில் கடைப் பெயர் இருக்கும். அது எல்லா வண்டிக்கும் போடுவதுதான், உனக்காகப் போட்டதென்று நினைத்துக்கொள்ளாதே. அடியில் இருக்கிற 'பாய்மர வீடு' போகாது. அது ஸ்டிக்கர் இல்லை, வெயில் படாத பெயின்ட், அவ்வளவுதான். அதன் மேலேயே ஒட்டிவிடலாம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருவேன். உன் உம்மா முன்னால் வருவாள், நான் துடைக்கிற துணியோடு பின்னால் வருவேன். நாகப்பட்டினத்துக் கதையைக் கேட்ட அந்த நாலு பேரையும் வாசலில் நிற்கச் சொல். அவர்கள் பார்க்கத்தான் ஒட்ட வேண்டும், முதல் இரண்டு தடவை ஒட்டியது யார் என்றும் நானே சொல்கிறேன். வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன். "சுக்கான் வீட்டு மாப்புள்ளை இருக்காரா?" என்றுதான் கேட்பேன். நீ திரும்பிப் பார்ப்பாய். எனக்குக் கொஞ்சம் எரியும், பரவாயில்லை.

வண்டியை மட்டும் காலையிலேயே சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் நிறுத்தி வை. கொதிக்கிற தகட்டில் எதுவும் நிற்காது.

உன் பேருக்குத் திரும்பிப் பார்க்கிற
உன் வாப்பா